வரப்பிலிருந்து வந்த பாட்டு

சென்ற தவணையில் ஒரு நாள், உயர்தர வகுப்பு மாணவருக்கு ‘என் உள்ளங் கவர்ந்த கவிஞர்’ என்றொரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். மறுநாட் காலையிற் கொப்பிகள் மேசையை நிறைத்தன. பெரும்பாலோர் பாரதியாரை எழுதியிருந்தனர். சிலர் கம்பரை எழுதினர். வேறு சிலர் பாரதிதாசனை எழுதினர். எதிர்பார்த்ததுதானே என்ற எண்ணத்தோடு ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்த என் கை, ஒரு கொப்பியில் வந்து நின்றுவிட்டது.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி, தன் அப்பப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள். காலபோக நெல் குடலை தள்ளும் காலத்திலே, இரவு முழுவதும் காவற்கொட்டிலில் இருந்து, பன்றிக்கும் யானைக்கும் நித்திரைக்கும் எதிராக அம்முதியவர் பாடுவாராம். பாதிப் பாட்டு அவர் தந்தையாரிடம் கேட்டவை. மீதிப் பாதி அவரே கட்டியவை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட மனிதர்.

அக்கட்டுரையை நான் வகுப்பிலே வாசித்தேன். பின் வாங்கில் இருந்து சிரிப்பொலி எழுந்தது. “அது கவிதையோ? காட்டுப் பாட்டல்லோ!” என்றான் ஒருவன். அந்தப் பிள்ளை சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. எழுந்து நின்று, “சேர், புத்தகம் போடாதவர் கவிஞர் இல்லையோ?” என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. “பிறகு பார்ப்போம்” என்று கூறி வெளியேறினேன். மணி அடித்தது எனக்கு வாய்ப்பாயிற்று என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அன்று நான் கூறாத விடையே இவ்வாரக் கட்டுரையாகும்.

விடைக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையைத் துணைக்கழைக்கிறேன். அவர் பெயர் கல்யாணசுந்தரம். ஊர்ப் பெயரைச் சேர்த்துப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் என்றால் நம் முதியோர் முகம் மலரும். இளையோர் பலர் பெயரை அறியாமலே அவர் பாட்டை அறிந்திருப்பர்.

தஞ்சை மாவட்டத்துப் பட்டுக்கோட்டையை அடுத்துச் செங்கப்படுத்தான்காடு என்றொரு சிற்றூர் உண்டு. பெயரிலேயே காடு இருக்கிறது. வன்னியாராகிய நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அவ்வூரில் 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், அருணாசலனாருக்கும் விசாலாட்சி அம்மையாருக்கும் மகனாகக் கல்யாணசுந்தரம் பிறந்தார். வேளாண்மைக் குடும்பம். தந்தையாரும் பாட்டுக் கட்டும் வல்லமையுடையவர். ‘முசுகுந்த நாட்டு வழிநடைக் கும்மி’ என்னும் நூல் அவர் இயற்றியது. வழி நடப்போர் களைப்புத் தீரப் பாடும் கும்மியை ஒரு கிராமத்து உழவர் நூலாக்கி வைத்தார் என்பதை வாசகர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

கல்யாணசுந்தரம் திண்ணைப் பள்ளியில் ஓரிரண்டு ஆண்டுகளே படித்தார். எழுத்தும் எண்ணும் கைவந்ததும் பள்ளிக்கும் அவருக்கும் இருந்த உறவு முடிந்தது. அதன் பின்னர் வயலும் குளமும் வரப்பும் அவருக்குப் பள்ளியாயின. குளக்கரையில் இருந்து, நீரிலே துள்ளும் கெண்டைக் குஞ்சுகளைப் பார்த்துத் தம் இளமைக்காலப் பாட்டொன்றை அவர் கட்டினார் என்பது அவர் வரலாற்றை எழுதியோர் கூறும் செய்தி. தூண்டிற்காரன் வருமுன் தப்பியோடு என்று குஞ்சுக்கு எச்சரிக்கை சொல்வது போன்ற பாட்டு அது. வலியவனிடம் இருந்து எளியதைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த வயதிலேயே அவர் உள்ளத்திற் குடிகொண்டுவிட்டது போலும்.

அவர் செய்த தொழில்கள் பதினேழு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். உழவு, மாடு மேய்த்தல், மாட்டு வியாபாரம், மாம்பழ வியாபாரம், இட்டலி விற்றல், முறுக்கு விற்றல், தேங்காய் விற்றல், கீற்று விற்றல், மீனும் நண்டும் பிடித்தல், உப்பளக் கூலி, இயந்திரம் ஓட்டுதல், தண்ணீர் வண்டி இழுத்தல், அரசியல் வேலை, பாட்டு, நடிப்பு, நடனம், கடைசியாகக் கவிதை. இப்பட்டியலை நான் வகுப்பில் வாசிக்கும்போதெல்லாம் மாணவர் சிரிப்பர். ஆனால் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். உப்பளத்தின் வெயிலை உடம்பால் அறிந்தவன் ‘உழைப்பு’ என்ற சொல்லை எழுதும்போது, அச்சொல்லுக்கு வேறொரு கனம் வந்துவிடுகிறதன்றோ? நூலகத்திலே நாம் தேடித் திரியும் அனுபவத்தை அவர் கூலியாகப் பெற்றார்.

விவசாயிகள் சங்கப் பணியும் பொதுவுடைமை இயக்கமும் அவரை மேடைக்குக் கொண்டுவந்தன. கூட்டம் தொடங்குமுன் பாடுவார். தாமே கட்டிய பாட்டைத் தாமே பாடுவார். ப. ஜீவானந்தம் போன்ற தலைவர்களின் அன்பைப் பெற்றார். ‘ஜனசக்தி’ ஏட்டில் அவர் பாடல்கள் வெளிவந்தன. புதுவைக்குச் சென்று பாவேந்தர் பாரதிதாசனிடம் சில காலம் இருந்தார். ‘குயில்’ ஏட்டின் பணியிலும் உதவினார். ஆசிரியர் மீது அவர் கொண்டிருந்த பக்தி எத்தகையதெனின், எதை எழுதத் தொடங்கினும் தாளின் தலைப்பிற் பிள்ளையார் சுழிக்குப் பதிலாகப் பாரதிதாசனுக்கு ஒரு வாழ்த்தை எழுதிவிட்டே தொடங்குவார் என்பர்.

நாடகத்திலும் நடித்தார். 1954ஆம் ஆண்டில் திண்டுக்கல்லில் நடைபெற்ற விவசாயிகள் மாநாட்டில் அரங்கேறிய ‘கண்ணின் மணிகள்’ நாடகத்துக்குப் பாடல்கள் எழுதினார். அதன் பின் திரையுலகம் அவரை அழைத்தது. 1955ஆம் ஆண்டளவில் ‘படித்த பெண்’, ‘மகேஸ்வரி’ ஆகிய படங்களுக்கு எழுதத் தொடங்கி, 1959ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் காலமாகும் வரை எழுதினார். கணக்குப் பார்த்தால் ஐந்தாண்டுகள் கூட நிறையவில்லை. இறக்கும்போது வயது இருபத்தொன்பது. 1957இல் மணம் புரிந்த மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுச் சென்றார். உடன்காலக் கவிஞரும் தொழிலிற் போட்டியாளருமாகிய கண்ணதாசன், அவர் பிரிவுக்கு இரங்கிக் கவிதை பாடினார். போட்டியாளனின் கண்ணீர் பொய்யாகாது.

நிற்க. இவர் பாட்டில் என்ன இருந்தது? ஏன் அது நிலைத்தது?

இசையமைப்பாளர் எம். எஸ். விசுவநாதன் பிற்காலத்திற் பலமுறை நினைவுகூர்ந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘பாசவலை’ (1956) படத்துக்குப் பாட்டெழுதப் புதியவர் ஒருவரை அனுப்பினர். பெயரறியாத ஒருவரின் பாட்டைப் பார்ப்பதற்கே அவர் முதலில் மனங்கொள்ளவில்லை. பின்னர் தாளை வாங்கி வாசித்ததும், இத்தகைய கவிஞனையா காக்க வைத்தோம் என்று நாணினார். அத்தாளில் இருந்தது ஆட்டுக்குட்டியையும் குள்ளநரியையும் வைத்துச் சொன்ன ஓர் எளிய பாட்டு. பள்ளிப் பிள்ளைக்கு அது விளையாட்டு; உலகறிந்தோர்க்கு அது வாழ்வும் சாவும்.

அவர் கையாண்ட முறையை மாணவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். முதலாவது, வடிவம். கும்மி, தெம்மாங்கு, தாலாட்டு, ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கேள்வியும் விடையுமாகப் பாடும் தருக்கப் பாட்டு ஆகியன நாட்டுப்புறத்தில் நெடுங்காலமாக வழங்குவன. அவற்றை அவர் புதிதாக உண்டாக்கவில்லை, எடுத்துக்கொண்டார். இரண்டாவது, சொல். ‘விளைந்தது’ என்று எழுதத் தெரியாதவர் அல்லர். உழவன் வாயில் அது எப்படி ஒலிக்குமோ அப்படியே வைத்தார். மூன்றாவது, கருத்து. பழைய வடிவத்துக்குள் ஒரு புதிய கேள்வியை ஒளித்து வைத்தார்.

‘நாடோடி மன்னன்’ (1958) படத்தில் வரும் ஓர் உழவர் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காடு கழனி நன்றாக விளைந்திருக்கிறது. ஆயினும் விளைவித்தவனுக்கு எஞ்சியது தன் கையும் காலுமே என்று பேச்சு எழுகிறது. ஏன் அப்படி, இனி என்ன செய்வது என்று ஆணும் பெண்ணும் வாதிக்கின்றனர். இதையே மேடையில் ஒருவர் ஒரு மணி நேரம் பேசினால் பாதிக் கூட்டம் கலைந்துவிடும். பாட்டாக வந்தபோது பட்டிதொட்டியெங்கும் மனப்பாடமாயிற்று. அதே படத்தில் உறங்கும் தம்பியைத் தட்டி எழுப்பும் பாட்டும், அவர் மறைந்த பின் 1961இல் வெளிவந்த ‘அரசிளங்குமரி’, ‘திருடாதே’ படங்களிற் சிறுவர்க்குப் புத்தி கூறும் பாட்டுக்களும் அத்தகையனவே. திருடக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லத் தொடங்கி, சட்டம் மட்டும் திருட்டை ஒழிக்குமோ, மனிதன் மனந்திருந்த வேண்டாமோ என்று பெரியவர்களைக் கேட்பதில் அப்பாட்டு முடிகிறது. பிள்ளையைத் தூங்க வைக்கும் பாட்டைக் கொண்டு பெற்றோரை விழிக்க வைத்தார் எனலாம்.

இங்கே நாம் மறைக்கக் கூடாத ஓர் உண்மையும் உண்டு. திரைப்பாட்டு ஒருவர் சொத்தன்று. மெட்டமைத்தவர், பாடியவர், வாத்தியம் இசைத்தவர், திரையில் வாயசைத்தவர் என்று பலர் கை அதிற் படுகிறது. கூட்டத்துக்கு முன் நிற்பவர் பெயரே கூட்டத்தின் நினைவில் நிற்கும். ‘எம். ஜி. ஆர். பாட்டு’ என்று ஊர் சொல்லிற்று. எழுதியவர் பெயரைச் சிலரே கேட்டனர். எம். ஜி. ஆரோ அதை மறந்தாரில்லை. பிற்காலத்தில் முதலமைச்சரான அவர், தம் நாற்காலியின் கால்களுள் ஒன்று பட்டுக்கோட்டையாரின் பாட்டு என்று கூறியதாகச் சொல்வர். கவிஞரின் படைப்புக்களைத் தமிழ்நாட்டு அரசும் பின்னாளில் நாட்டுடைமையாக்கியது. ஆயினும், பாட்டு வாழ்ந்து பாடியவன் பெயர் மறைவதென்பது உலகியல்பு. அவ்வியல்பு நம் வன்னியில் இன்னும் கடுமையாக நடக்கிறது என்பதே என் கவலை.

அவர் பாட்டுக்கள் இலங்கைக்கு எவ்வாறு வந்தன என்பது தனிக்கதை. 1952ஆம் ஆண்டிற் செய்தி ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற கேஸ்கர் அவர்களின் காலத்தில், இந்திய வானொலி திரையிசையை ஒதுக்கி வைத்தது. 1957இல் விவித் பாரதி தொடங்கும் வரை, திரைப்பாட்டுக் கேட்க விரும்பிய இந்திய நேயர் பலர் நம் இலங்கை வானொலியையே நாடினர். ஆகவே, தஞ்சாவூர் வரப்பிலே பிறந்த பாட்டுக் கொழும்பிலிருந்து கடல் கடந்து மீண்டும் தஞ்சாவூர் வரப்புக்குச் சென்ற விந்தை அக்காலத்தில் நிகழ்ந்தது. வழியிலே வன்னி வயல்களிலும் அது இறங்கிற்று.

எங்கள் வீட்டிலும் இறங்கிற்று. ஆனால் நெடுங்காலம் கழித்து. 1990களில் வன்னியில் மின்சாரம் இல்லை. பற்றரி கிடைப்பதும் அரிது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவில் வரும் மின்னாலே வானொலி கேட்டோம். சுற்றுவது என் வேலை. கேட்பது அம்மம்மாவின் வேலை. ஒரு மாலையில் அந்த உழவர் பாட்டு ஒலித்தது. அம்மம்மா உரலில் இருந்து கையை எடுத்துவிட்டுக் காது கொடுத்தார். முடிந்ததும், “இது எங்கட ஆக்கள் கட்டின பாட்டு” என்றார்.

நான் சிரித்தேன். “அம்மம்மா, இது சினிமாப் பாட்டு, இந்தியாவிலை எழுதினது” என்றேன். அவர் தலையை ஆட்டினார். “எங்கை எழுதினாலென்ன, வயலுக்கை நிண்டவன்தான் இதைக் கட்டியிருப்பான்” என்றார். எழுதியவர் உழவர் என்பதையும், அவர் பெயர் இன்னதென்பதையும் நான் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபின் புத்தகத்தில் படித்தேன். அம்மம்மா அதைச் செவியாற் படித்திருந்தார்.

இவ்வளவும் அறிந்த பின்னரும் நான் செய்த பிழை ஒன்றுண்டு. அதை எழுதாவிட்டால் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது.

கண்டி வீதி திறந்திருந்த 2003ஆம் ஆண்டு, விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுக்கொண்டிருந்த பெருமை தலைக்கேறியிருந்த காலம். வயலிற் சூடடிப்பு முடிந்து, முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அம்மம்மா குருவியோட்டியவாறே பண்டிப் பள்ளைப் பாடிக்கொண்டிருந்தார். வயலை அழிக்க வந்த காட்டுப் பன்றிகளைப் பற்றிய நெடும்பாட்டு அது. குருவிப் பள்ளு, ஏர்ப் பாட்டு, அரிவிச் சிந்து ஆகியவற்றோடு வன்னிக்கே உரிய செல்வம். நான் கொப்பியும் பேனையுமாக அருகில் இருந்தேன். இரண்டு அடி எழுதினேன். மூன்றாவது அடியில், “அம்மம்மா, ‘பண்டி’ இல்லை, ‘பன்றி’ எண்டுதான் சொல்லவேணும், ‘பண்டி’ பிழை” என்றேன்.

அவர் பாட்டை நிறுத்தினார். “ஓம் மோனே, நீ படிச்சனி, உனக்குத்தான் தெரியும்” என்றார். கோபமில்லை; வருத்தமும் முகத்தில் தெரியவில்லை. எழுந்து உள்ளே சென்றார். அதன் பின் என் முன்னிலையில் அவர் ஒரு பாட்டும் பாடியதில்லை.

அந்த அடிக்கு அடுத்த அடி ‘மண்டி’ என்று தொடங்கியது. ‘பண்டி’க்கும் ‘மண்டி’க்கும் எதுகை. ‘பன்றி’ என்றதும் எதுகை முறிந்துவிட்டது. யாப்பிலக்கணத்திற் சோதனை எழுதிச் சித்தியெய்திய எனக்கு அது கேட்கவில்லை. ஒரு சூத்திரமும் அறியாத அம்மம்மாவுக்குக் கேட்டிருக்கும். பின்னாளில் நம் நாட்டார் பாடல்களை ஆராய்ந்த அறிஞர், அச்சொல்லைத் திருத்தாது ‘பண்டிப் பள்ளு’ என்றே எழுதுவதைக் கண்டபோது எனக்கு உண்டான நாணத்தை என்னென்பேன்! 2009ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின், செட்டிகுளத்து முகாமில் அம்மம்மா கண்மூடினார். இரண்டரை அடி எழுதிய கொப்பியும் அவ்வழியில் எங்கோ போயிற்று. போரைப் பழிக்கலாம், ஆனால் பாட்டை நிறுத்தியது போரன்று, நான்.

இப்போது கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அமெரிக்க நாட்டிலே நாட்டுப்புற இசை பெருங்கலையாகப் போற்றப்படுகிறது. அதன் முன்னோடிகளுள் ஒருவரான வூடி கத்ரி, 1912ஆம் ஆண்டு ஒக்லஹோமா மாநிலத்து ஒகீமா என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1930களில் வறட்சியும் புழுதிப் புயலும் அந்நிலங்களை அழித்தபோது, ஊரைவிட்டுக் கலிபோர்னியா நோக்கிச் சென்ற ஏழை உழவரோடு அவரும் சென்றார். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தார். கிற்றார் வாத்தியத்தோடு முகாம்களிற் பாடினார். பழைய பாட்டுக்களின் மெட்டையெடுத்து, இடம்பெயர்ந்தோர் துயரைப் புதுச் சொல்லாக அமைத்தார். 1967இல் காலமானார். அவரைத் தம் ஆசானாகக் கொண்ட பொப் டிலன் என்னும் பாடகருக்கு, 2016ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பாட்டுக் கட்டுபவர் இலக்கியகாரராவாரோ என்ற வினா அங்கேயும் எழுந்தது. அந்தப் பரிசே ஒரு விடையாயிற்று.

அந்நாட்டிலேயே ஏ. பி. கார்ட்டர் என்றொருவர் இருந்தார். வேர்ஜீனியா மலைநாட்டவர். அவர் குடும்பத்தார் 1927ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பிரிஸ்டல் நகரிற் பதிவு செய்த பாட்டுக்கள் நாட்டுப்புற இசையின் தொடக்கப் பதிவுகளுட் சிறந்தனவாகக் கருதப்படுகின்றன. புதிய பாட்டுத் தேடி அவர் மலையூர்களுக்குச் சென்று வீடு வீடாகக் கேட்பார். கூடச் சென்றவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கலைஞர். விபத்தில் ஒரு காலை இழந்தவர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். ரிடில் மெட்டை மனத்திற் பதித்துக்கொண்டு வருவார். ஒலிப்பதிவுக் கருவியில்லாத பயணத்தில் அவர் செவியே கருவி. இவ்வாறு பல பாட்டுக்கள் அழியாமற் காக்கப்பட்டன. ஆயினும் அவற்றுட் பல கார்ட்டர் பெயராலேயே பதிவாயின. பாட்டைக் கொடுத்த மலையூர் மக்கள் பெயர் வரவில்லை. ரிடிலின் பெயரும் நெடுங்காலம் வெளிவரவில்லை. சேகரித்தலில் நன்மையும் உண்டு, அநீதியும் உண்டு என்பதற்கு இது சான்று.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். வன்னியின் பாட்டு வளம் சிறியதன்று. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலை ஒட்டி வளர்ந்த கண்ணகி கதைப் பாட்டுக்கள் உள்ளன. முல்லைத்தீவுக் கோவலன் கூத்து உண்டு. யானை பிடித்த வீரப் பெண் அரியாத்தையின் பேரில், கணவன் வேலப்பணிக்கன் புலம்புவதாக எழுந்த ஒப்பாரியும் உண்டு. ஆண்கள் அஞ்சிய யானையைப் பெண்ணொருத்தி பிடித்துக் கட்டினாள் என்ற கதையை ஒப்பாரியாக்கி வைத்திருக்கும் நாடு நம் நாடு. அதைக் கட்டிய புலவர் யார்? பெயரில்லை. மெற்றாஸ்மயில் போன்றோர் வன்னிவள நாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சிட்டிராவிடின், பாட்டும் இருந்திராது.

பாட்டு அழிவதற்குப் போர் ஒன்றே காரணம் என்று எண்ணிவிடலாகாது. வேலையோடு பிறந்த பாட்டு வேலையோடு மறைகிறது. வரிசையாக நின்று அரிவி வெட்டியபோது, எல்லார் கையும் ஒன்றாக அசைய அரிவிச் சிந்து தேவைப்பட்டது. மாடு வளைத்துச் சூடடித்தபோது, மாட்டுக்கும் மனிதனுக்கும் உறக்கம் வராதிருக்கக் களத்துப் பாட்டுத் தேவைப்பட்டது. இன்று ஓர் இயந்திரம் வயலில் இறங்கி வெட்டி, அடித்து, தூற்றி, மூடையாக்கிக் கொடுத்துவிடுகிறது. முதுகு முறிந்து வேலை செய்தவர்களுக்கு அது விடுதலை. நான் அதைக் குறை கூற மாட்டேன். ஆனால் இயந்திரம் பாடாது. அதன் இரைச்சலிற் பாடினாலும் கேளாது. ஆகவே, பாடத் தெரிந்த கடைசித் தலைமுறை நம் திண்ணைகளில் இருக்கும்போதே நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணசுந்தரத்தின் தந்தையாரை நினைவில் வைக்கச் சொன்னேனே, அதற்குக் காரணம் இதுவே. அவர் தம் கும்மியை நூலாக்கினார். ஆகையால் இன்று அவர் பெயரை நான் எழுத முடிகிறது. பாட்டு வீட்டிலே மதிக்கப்பட்டதை மகன் கண்டார். ஆகையால் வயலில் தாம் கட்டியதைக் ‘காட்டுப் பாட்டு’ என்று ஒதுக்காமல் உலகுக்குக் கொடுத்தார். செங்கப்படுத்தான்காட்டிலே யாரேனும் ஒரு படித்தவர், இளைஞன் கல்யாணசுந்தரத்தை மறித்து, ‘தம்பி, சொல் பிழை’ என்று வாயடைத்திருந்தால் என்னவாகியிருக்கும்? எண்ணவே மனம் நடுங்குகிறது. ஏனெனில் அந்தப் படித்தவர் யாரென்று எனக்குத் தெரியும்.

மாணவர்களே, உங்கள் கையிலே தொலைபேசி இருக்கிறது. ரிடிலின் செவி செய்த வேலையை அது நொடியிற் செய்யும். ஆச்சி, அப்பு, அம்மம்மா, அப்பப்பா யாராயினும் சரி, பாட்டறிந்தவர் அருகிற் சென்று அமருங்கள். அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். பின்னர் எழுதுங்கள். எழுதும்போது நான்கு விஷயங்களை மறவாதீர்கள். பாடியவர் பெயரை எழுதுங்கள். கார்ட்டர் செய்த பிழையை நாம் செய்ய வேண்டாம். யாரிடம் கற்றாரென்பதை எழுதுங்கள். எந்த வேலையின்போது, எந்த மாதத்தில், எந்த வயலிற் பாடியதென்பதை எழுதுங்கள். நான்காவதும் தலையாயதும் யாதெனின், ஒரு சொல்லையும் திருத்தாதீர்கள். பொருள் விளங்காவிடின் பக்கத்திற் கேள்விக்குறி இடுங்கள்; உங்கள் பிள்ளைகளுக்கேனும் அது விளங்கக்கூடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சங்கீதம் பயிலப் பிள்ளையை அனுப்புகிறீர்கள், நன்று. திண்ணையில் இருக்கும் பாட்டனாரின் பாட்டு சங்கீதத்துக்குப் பகையன்று. அவர் பாடும்போது தொலைக்காட்சியின் சத்தத்தைச் சற்றுக் குறையுங்கள். அதுவே அவருக்குப் பொன்னாடை.

இனி, அந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடை. புத்தகம் போட்டவரெல்லாரும் கவிஞருமல்லர், போடாதவரெல்லாரும் கவிஞரல்லாதவருமல்லர். தான் பட்டதைத் தன் சொல்லிற் கட்டி, பிறர் வாயில் நிற்கச் செய்பவர் கவிஞர். கல்யாணசுந்தரம் வயலில் மாடு மேய்த்த நாளிலும் கவிஞரே. திரையுலகம் அவரைக் கவிஞராக்கவில்லை, கண்டுபிடித்தது. உன் அப்பப்பாவும் கவிஞரே. கண்டுபிடிக்க வேண்டியது எங்கள் கடமை.

இவ்விடையைக் கட்டுரையில் எழுதிவிட்டால் மட்டும் போதாது என்று எண்ணி, சென்ற சனிக்கிழமை மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். கூட வந்தவன் யாரென்று நினைக்கிறீர்கள்? பின் வாங்கிலிருந்து சிரித்தவனேதான், தானே வந்தான். முதியவர் மாமர நிழலில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் வெட்கப்பட்டார். “படிச்ச ஆக்களுக்கு முன்னாலை பாடுற பாட்டில்லைத் தம்பி, பிழை சரி இருக்கும்” என்றார்.

“பிழையெல்லாம் என்னட்டைத்தான் ஐயா, நீங்கள் பாடுங்கோ” என்றேன்.

பேத்தி செம்பிலே தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். முதியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வயற்பக்கம் பார்த்தபடி தொடங்கினார். ‘பண்டி’ என்றே பாடினார். நானும் அப்படியே எழுதினேன்.